எலிக்குக் கிடைத்த இருட்டு

கன்னியம்மாள் தன் ஷேர் ஆட்டோவில் செருப்புக் காலோடு ஏறியதே கிடையாது. பயணிகள் சேற்றுக் காலோடு ஏறட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருக்கிற அந்தத் துண்டுத் தகரம் அவளுக்குச் சன்னிதி. கண்ணாடிக்கு மேல் பச்சையம்மன் படம், அதற்குக் கீழே அன்றாடம் ஒரு முழம் கதம்பம். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவாள். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும் வெறுங்காலால்தான் பிரேக் மிதிப்பாள்.

அந்தப் பக்திதான் அவளைக் கவிழ்த்தது. சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. பாதம் மரத்துப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முள் குத்தினாலும் வலிக்காததை ஒரு சௌகரியமாகவே நினைத்திருந்தாள். இந்தச் சித்திரையில் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அந்தத் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கிறது. வலது கால் பெருவிரல் அதன்மேல் வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது புருஷன் மோகன்தான் பார்த்தான்.

"இன்னா கன்னி, வெரலு இப்டி கீது?"

கொப்புளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் வண்டி ஓட்டினாள். அதற்கு மறுநாளும் ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல் ஓரம் கருத்திருந்தது.

அம்பத்தூரில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ரேணுகா புண்ணைச் சுத்தம் செய்தபடியே திட்டினார். இன்சுலின் எழுதினார், தினம் கட்டு மாற்றச் சொன்னார், அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு நேராக உட்கார்ந்தார்.

"ஒரு மாசம் பார்ப்போம். கருப்பு மேல ஏறிச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும். சில சமயம் விரலோட நிக்காது."

"வெரலு போனா பிரேக் எப்டி மிதிக்கறது?" என்றாள் கன்னியம்மாள். வேறு எதுவும் அவளுக்கு முதலில் தோன்றவில்லை. மோகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன், பட்டறை மூடியதிலிருந்து கிடைத்த வேலைக்குப் போகிறவன். வீடு ஓடுவது அவள் வலது காலில்.

"அதுக்குத்தான் சொல்றேன், ஒழுங்கா இருங்க. ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"எங்க தூங்கறது? சன்னல் வழியா பட்டப்பகல் மாதிரி லைட்டு அடிக்குது."

டாக்டர் ரேணுகா அதைக் கேட்டு யோசித்தார். "இருட்டினா நம்ம மூளையில ஒரு சின்னச் சுரப்பி மெலடோனின்னு ஒண்ணைச் சுரக்கும். தூங்க வைக்கறதுதான் அதோட வேலைன்னு நினைச்சிட்டிருந்தோம். இப்போ ஆராய்ச்சி பண்றவங்க, பழுதான சதையைச் சரி பண்றதுலயும் அதுக்குப் பங்கு இருக்குங்கறாங்க. வீக்கத்தை அடக்குது, புது ரத்தக்குழாய் வர, தோல் மூட உதவுதுன்னு பார்த்திருக்காங்க. வெளிச்சத்துல படுத்தா அது சரியாச் சுரக்காது."

"அப்ப அத மாத்திரையா குடுங்க."

"தூக்கத்துக்குன்னு மாத்திரை இருக்கு. புண்ணுக்குன்னு எழுதிக் கொடுக்க எனக்கு இன்னும் ஆதாரம் போதாது. நிறையப் பார்த்தது எலிங்ககிட்டதான். இருட்டுல படுத்தா ஆறிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், புரியுதா? இன்சுலினும் கட்டும்தான் முக்கியம். ஆனா உங்க உடம்பே சும்மா செய்யற வேலையை ஏன் கெடுக்கணும்? நல்ல இருட்டுல தூங்குங்க."

கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து கேட்டால் வாங்கலாம், ஊசி கேட்டால் வாங்கலாம். திருமுல்லைவாயிலில் இருட்டை எங்கே போய் வாங்குவது?

*

அவர்கள் வீட்டுக்கு எதிரில் நாலு மாடி அடுக்ககம். பெயர் பசுமை நிவாஸ். பேருக்கு ஒரு செடி கிடையாது. அதன் மாடியில் ஒரு பெரிய எல்.ஈ.டி. விளக்கு, தெருவைப் பார்த்து, சொல்லப்போனால் கன்னியம்மாளின் ஒற்றைச் சன்னலைப் பார்த்து, சாயங்காலம் தொடங்கி விடிகிறவரை எரியும். வாசலில் நின்ற பைக் ஒன்று களவு போனதிலிருந்து அந்த ஏற்பாடு. போன பைக் திரும்பி வரவில்லை, வந்த விளக்கு போகவில்லை.

சன்னலைச் சாத்திப் பார்த்தாள். சித்திரை மாதத்தில் அந்த அறையில் சன்னலைச் சாத்தினால் இட்லிப் பானைதான். துணி கட்டிப் பார்த்தாள், காற்று நின்றது, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாள். சரி, வாய்விட்டுக் கேட்போம் என்று நொண்டிக்கொண்டே அடுக்ககச் செயலாளர் சம்பந்தத்திடம் போனாள். சம்பந்தம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்த அதிகாரத்தையெல்லாம் பதினாறு வீட்டின் மேல் செலுத்திக்கொண்டிருந்தார்.

"லைட்ட கொஞ்சம் கீழ திருப்பினா போதும் சார். கால்ல புண்ணு, இருட்டுல தூங்கச் சொல்லிக்கீறாங்க."

"இருட்டுல தூங்கினா புண் ஆறுமா? யார் சொன்னது?" அவருக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. "நாளைக்குத் திருட்டுப் போனா யார் பொறுப்பு? நீங்க கெட்டியா ஒரு திரை வாங்கிப் போட்டுக்குங்கம்மா."

"உங்க வெளிச்சத்துக்கு எங்க ஊட்டு சன்னல நான் ஏன் சார் மூடணும்?"

அவர் கேட்டைச் சாத்தினார். கன்னியம்மாளுக்குக் கோபத்தில் காது மடல் சுட்டது. இத்தனைக்கும் இந்த மனிதர் ரயிலடிக்குப் போகும்போதெல்லாம் அவள் வண்டியில்தான் போவார். முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்குக் காற்று வரும்.

*

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தபோது, சன்னலில் வழக்கமான வெள்ளை விழவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அறையில் நல்ல கருகருவென்ற இருட்டு. ஏன், எதற்கு என்று யோசிப்பதற்குள் தூங்கிப்போனாள். அப்படியொரு தூக்கம் தூங்கி எத்தனையோ காலமாகிவிட்டது.

காலையில் வாசலில் யாரோ "தாயே" என்று அழைத்தார்கள். எட்டிப் பார்த்தாள். சம்பந்தத்தின் மனைவி கமலம், ஈரத் தலையோடு, படிக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் இரண்டு இளநீர், ஒரு சொம்பில் மோர். நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை.

வீட்டில் அம்மை போட்டால்தான் நிலையில் வேப்பிலை சொருகுவார்கள். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, சத்தம் கிடையாது, வேற்று ஆள் உள்ளே வர மாட்டார்கள். ஊர்க்காரர்கள்தான் என்றில்லை, அடுக்ககத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களும் அந்த இலையைப் பார்த்தால் தெருவின் அந்த ஓரமாகத்தான் நடப்பார்கள். ஆத்தாளோடு யாரும் வழக்காட மாட்டார்கள்.

"கமலம்மா போனதும் உள்ள வா," என்றாள் மோகனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் வந்து சுவரோரமாக நின்றான். "நான் ஒண்ணும் பெருசா சொல்லல கன்னி. எலய சொருகினேன். வாட்ச்மேன் வேம்புலி, ஊட்ல அம்மையான்னு கேட்டான். ம்-னேன். கண்ணு கூசுதுன்னு ஒரு வார்த்த சொன்னேன், அவ்ளோதான். கமலம்மா காதுக்குப் போயி ஒடனே லைட்ட நிறுத்திட்டாங்கோ."

"ஆத்தா பேர்ல பொய் சொல்லிக்கினு வந்து நிக்கற!"

"உன் காலு போயிடும்னு பயமா கீதுடி," என்றான் மோகன். அவளுக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

பொய் என்று தெரிந்தும் அவள் அந்த இருட்டில் தூங்கினாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, ஆசை தீரத் தூங்கினாள். கமலம் அன்றாடம் இளநீர் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சர்க்கரைக்கு இளநீர் ஆகாது என்று மோகன்தான் குடித்தான். கட்டு மாற்றப் போன இடத்தில் டாக்டர் ரேணுகா விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "புண்ணுக்குள்ள சிவப்பு வருது. புதுச் சதை," என்றார். கன்னியம்மாள் கீழே குனிந்து பார்த்தாள். கருப்புக்கு நடுவே துளிர் மாதிரி ஒரு ரோஜா நிறம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

இது இப்படியே போயிருக்கும், எதிர் மாடி பவ்யா மட்டும் பேசாமல் இருந்திருந்தால். ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண், மூன்று வயதில் ஒரு குழந்தை. அன்றைக்கு பால்கனியிலிருந்து கேட்டாள்.

"அக்கா, இப்ப எப்படி இருக்கு? பாப்பாவுக்கு அம்மை ஊசி ரெண்டாவது டோஸ் இன்னும் போடல. பயந்துக்கிட்டு ப்ளே ஸ்கூல் அனுப்பல, நானும் லீவு போட்டு வீட்லயே இருக்கேன். மேனேஜர் கத்துறாரு. எப்பக்கா தண்ணி ஊத்துறீங்க?"

பவ்யாவின் இடுப்பிலிருந்து அந்தக் குழந்தை தெருவில் போகும் நாயைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. வெளியே விடச் சொல்லித்தான் அந்த அழுகை.

கன்னியம்மாள் உள்ளே வந்தாள். மோகன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "தண்ணி ஊத்தறத தள்ளிப் போட்டுகினே போலாம் கன்னி. மூணாந் தண்ணி, அஞ்சாந் தண்ணின்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள ஆறிடும்."

"ஆத்தா முந்தானைக்குப் பின்னால எத்தினி நாளு ஒளிஞ்சுகினு கெடக்கறது? எனக்கு வந்தது அம்மையில்ல, புண்ணு. எம் புண்ணுக்கு நான் கேக்கறேன். குடுத்தா குடுக்கட்டும், இல்லாங்காட்டி நான் எடுத்துக்கறேன்."

"எப்டி எடுப்ப?"

"மொதல்ல கேக்கறேன்."

நொண்டிப் போய் நிலையிலிருந்த வேப்பிலையை உருவிப் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசுமை நிவாஸ்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவார்கள். தண்ணீர் லாரி, லிஃப்ட், யார் வீட்டு நாய் எங்கே என்ன செய்தது, இப்படிப் போகும். கன்னியம்மாள் மோகனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"கன்னியம்மா, நீங்க எதுக்கு வெளியே வந்தீங்க? அம்மை இறங்கிடுச்சா?" என்றார் சம்பந்தம்.

"அம்மை ஏறவே இல்ல சார்."

எல்லாவற்றையும் சொன்னாள். வேப்பிலை யார் சொருகியது, ஏன் சொருகியது, தான் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது. சொல்லிவிட்டு பவ்யாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "உங்கிட்ட மட்டும் மன்னிச்சுக்கோன்னு கேக்கறேம்மா. பாப்பாவ வெளிய உடு. ஒண்ணும் ஆவாது."

கமலத்தின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள். சம்பந்தத்துக்கு நரம்பு புடைத்தது.

"தெய்வத்தின் பேரைச் சொல்லி ஏமாத்திட்டு இங்கேயே வந்து நிக்கிறீங்க? என்ன தைரியம்!"

"ஏமாத்தினது தப்பு சார். அதான் வந்து சொன்னேன். இப்ப நெஜத்தச் சொல்லிக் கேக்கறேன், லைட்ட கீழ திருப்புங்க. இத்தினி நாளு அணைச்சு வெச்சிருந்தீங்களே, எதாச்சும் களவு போச்சா?"

"அது அம்மனுக்காக அணைச்சது."

"அம்மனுக்குப் பயந்து அணைக்கறீங்க. எதிர் ஊட்டுப் பொம்பளைக்குக் காலு போவுதுன்னா அணைக்க மாட்டீங்களா?"

பவ்யா கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது, ஆனாலும் தேடினாள். "மெலடோனின்… ஆமா, புண் ஆறுறதுக்கு உதவலாம்னு போட்டிருக்கு. ஆனா பெரும்பாலும் எலிங்ககிட்ட பண்ணின சோதனைதான் அங்கிள்."

"கேட்டுக்குங்க, எலி!" என்றார் சம்பந்தம். நாலு பேர் சிரித்தார்கள்.

கன்னியம்மாள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. சத்தியம் பண்ண மாட்டேன்னுதான் சொன்னாங்க. எலிக்கு ஆறுதான்னு பார்க்கறதுக்கு உலகத்துல அவ்ளோ பேரு ஒக்காந்துகினு கீறாங்கோ. எலிக்குக் கெடைக்கற இருட்டு எனக்குக் கெடைக்கக் கூடாதா? ஆறாமப் போனா போவட்டும் சார். ஆறிப் பாக்கறதுக்கு எனக்கு ஒரு எடம் வோணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சம்பந்தம் கையைத் தூக்கி, விளக்கு பழையபடி எரியும், அடுத்த விஷயம் லிஃப்ட் என்று சொல்லிவிட்டார்.

*

அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. கன்னியம்மாள் சன்னலில் நின்று தெருவைப் பார்த்தாள். கோயில் பக்கம் வெளிச்சம், கடைப்பக்கம் வெளிச்சம், தன் வீட்டுக் கூரை, குழாயடி எல்லாம் வெளிச்சம். ஒரே ஒரு இடம்தான் கருப்பாகக் கிடந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்த விளக்குக்கு நேர் கீழே, பசுமை நிவாஸின் கேட்டு வாசல்.

"யோவ், வண்டிய எடு," என்றாள்.

மோகன் ஓட்டிப்போய் கேட்டை ஒட்டி நிறுத்தினான். பின்சீட்டுகளுக்குக் குறுக்கே பலகை போட்டு மெத்தையை விரித்தான். அவள் ஏறி, காலைத் தலையணை மேல் வைத்து, மழைக்குக் கட்டுகிற படுதாவை நாலு பக்கமும் இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம். அப்புறம் சம்பந்தத்தின் சத்தம். "என்னம்மா இது அநியாயம்? வண்டியை எடுங்க! கார் எப்படி வெளியே போகும்?"

படுதாவைத் திறக்காமலே பதில் சொன்னாள். "பொது ரோடு சார். உங்க லைட்டு எங்க ஊட்டுக்குள்ள வரலாம், என் வண்டி உங்க கேட்டுக்கு வெளிய நிக்கக் கூடாதா?"

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க. மெதுவா பேசச் சொல்லுங்க, தூங்கணும்."

மாடிகளில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. மோகன் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். யாராவது கை வைத்தால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்திருக்கப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் கமலம் இறங்கி வந்தாள். படுதாவுக்கு வெளியே நின்றாள். "அன்னாடம் தலைக்குக் குளிச்சிட்டு வந்து கும்பிட்டேனே. உள்ளே இருந்து சிரிச்சியா?"

"சிரிக்கல யக்கா. வெக்கமா இருந்துச்சு," என்றாள் கன்னியம்மாள். குரல் முதல்முறையாக இறங்கியது. "நீ கும்புட்டது என்னை இல்லியே, அவளத்தானேன்னு மனச தேத்திக்கினேன்."

"காலைக் காட்டு."

படுதா விலகியது. கமலம் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். மருந்துத்துணியை விலக்கியதும் தெரிந்த வீங்கிய விரலை, கருத்த ஓரத்தை, நடுவில் வந்திருந்த ரோஜா நிறத்தைப் பார்த்தாள். வெளிச்சத்தைச் சட்டென்று அணைத்துவிட்டாள்.

"வேம்புலி, மாடிக்குப் போய் அந்த லைட்டோட கழுத்தை நம்ம வாசலைப் பார்த்துத் திருப்பு."

"கமிட்டியில தீர்மானம் போடாம அதெல்லாம்…" என்று ஆரம்பித்தார் சம்பந்தம்.

"அம்மைன்னு சொன்ன அன்னைக்குக் கமிட்டி கூட்டியா அணைச்சீங்க?" என்றாள் கமலம். "திருடன் வந்தா நம்ம வாசலுக்குத்தானே வருவான்? அங்கே எரியட்டும்."

வேம்புலி மாடிக்கு ஓடினான். வெள்ளை வட்டம் கூரையை விட்டு, தெருவை விட்டு நகர்ந்து கேட்டு வாசலில், சம்பந்தத்தின் தலை மேல் வந்து நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாளைக்கே நிமிர்த்திவிடுவேன் என்றார். கன்னியம்மாள் மெத்தையைச் சுருட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நொண்டினாள். மறுநாளும் அவர் அதே வார்த்தையைச் சொன்னார், அதற்கடுத்த நாளும் சொன்னார். விளக்கு திரும்பவில்லை.

*

விரல் தப்பித்தது. ஒரு மாதம் என்றது இரண்டரை மாதமாக இழுத்து, ஒரு கரடுமுரடான தழும்போடு தோல் மூடியது. எதனால் ஆறியது என்று கன்னியம்மாள் கேட்டதற்கு, டாக்டர் ரேணுகா இன்சுலின், கட்டு, காலை ஊன்றாமல் இருந்தது, தூக்கம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இருட்டுக்கு எவ்வளவு பங்குன்னு தனியாப் பிரிச்சு என்னால சொல்ல முடியாது," என்றார். அப்புறம் தடிமனான அடி வைத்த ஒரு மூடிய ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதைப் போடாம வண்டி ஓட்டினா என்கிட்ட வராதீங்க."

மறுநாள் காலை கன்னியம்மாள் புதுக் கதம்பத்தைப் படத்துக்குச் சார்த்தினாள். தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தத் தகரத்தின்மேல் ஷூவோடு கால் வைக்கப்போகிறாளே என்று மோகன் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோவம்னா என்னாண்ட நேரா சொல்லு தாயீ," என்றாள் படத்தைப் பார்த்து. "உம் பேர வெச்சிக்கினு ஒளிய மாட்டேன்னு தெருவே கேக்கச் சொன்னவ நானு. உங்கிட்டயும் ஒளிக்கல. இந்தக் காலு எனக்கு வோணும்."

ஷூவோடு ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

தெருமுனையில் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சம்பந்தம் நின்றிருந்தார். வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே கையைப் பாதி தூக்கினார், யாருடையது என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கன்னியம்மாள் வலது காலை அழுத்தி மிதித்தாள். ஐந்து விரலும் சேர்ந்து மிதித்த மிதியில் வண்டி அவர் மூக்குக்கு முன்னால் வந்து கிரீச்சிட்டு நின்றது.

"முன்னாடியே ஒக்காருங்க சார்," என்றாள். "காத்து வரும்."